வயதான நாய்க்கு மயக்க மருந்து: முன்னும் பின்னும் வீட்டார் செய்ய வேண்டியவை

“இந்த வயசுல மயக்க மருந்து தாங்குமா டாக்டர்?” என்று கேட்காத வீட்டார் குறைவு. வயதை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. இதயமும் சிறுநீரகமும் ஒழுங்காக இருக்கும் 13 வயது நாய், கண்டுபிடிக்கப்படாத இதய நோயோடு இருக்கும் 7 வயது நாயைவிடப் பத்திரமாக மயங்கி எழும். ஆனாலும் வயதான உடலில் கையிருப்பு குறைவு என்பது உண்மை. ரத்த அழுத்தம் சிறிது நேரம் இறங்கினால் இளம் நாயின் சிறுநீரகம் சமாளித்துக்கொள்ளும். பாதி தேய்ந்துபோன சிறுநீரகம் அதைத் தாங்காது. கல்லீரல் மெதுவாக வேலை செய்வதால் மருந்து உடலில் கூடுதல் நேரம் தங்கும். உடல் சூடும் சீக்கிரம் இறங்கிவிடும்.

பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை 98,000-க்கும் மேற்பட்ட நாய்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஆரோக்கியமான நாய்களில் சுமார் 2,000-க்கு ஒன்றும், நோயுள்ளவற்றில் 75-க்கு ஒன்றும் மயக்கத்தோடு தொடர்புடைய காரணங்களால் இறந்தன. இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று: அந்த இறப்புகளில் கிட்டத்தட்டப் பாதி, சிகிச்சை முடிந்த பிறகு நேர்ந்தவை. அவற்றிலும் பெரும்பாலானவை முதல் 3 மணி நேரத்துக்குள். ஆக, உள்ளே என்ன நோய் இருக்கிறது என்று முன்பே தெரிந்துகொள்வதும், முடிந்த பிறகு கண்ணெடுக்காமல் பார்ப்பதும்தான் ஆபத்தைக் குறைக்கும். இரண்டிலும் வீட்டாருக்கு வேலை இருக்கிறது.

ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டியது

நாய் ஆழ்ந்து தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை எண்ணுங்கள். ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கினால் நிமிடக் கணக்கு கிடைக்கும். கனவில் கால் உதறும்போதும், ஓடியாடிவிட்டு வந்து நாக்கைத் தொங்கப் போட்டு இளைக்கும்போதும் எண்ணினால் கணக்கு தப்பாகும். நிமிடத்துக்கு 30-க்குக் கீழே இருக்க வேண்டும். நாலைந்து நாள் எண்ணியும் 30-க்கு மேலேயே நின்றால், இதயத்தையும் நுரையீரலையும் பார்க்காமல் மயக்க மருந்துக்குப் போகக் கூடாது. இந்த எண்ணை எழுதி வையுங்கள். வீடு திரும்பிய இரவில் மறுபடி தேவைப்படும்.

அடுத்தது தண்ணீர். காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலை மீதியை அளந்து கழியுங்கள். ஒரு கிலோ எடைக்கு 100 மி.லி.க்கு மேல் ஒரு நாளில் குடித்தால், அதாவது 20 கிலோ நாய் 2 லிட்டரைத் தாண்டினால், அது தாகம் மட்டுமல்ல; சிறுநீரகம், சர்க்கரை, குஷிங் எனும் ஹார்மோன் கோளாறு என ஏதோ ஒன்று பின்னால் இருக்கக்கூடும்.

இருமல், மயங்கி விழுந்தது, வலிப்பு, குரைப்பின் குரல் மாறியது, மூச்சு இழுக்கும்போது கரகரவென்ற சத்தம் ஆகியவற்றைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். வயதான லாப்ரடார் போன்ற பெரிய நாய்களில் குரல் மாறுவது குரல்வளை செயலிழப்பின் முதல் அடையாளமாக இருக்கலாம். அப்படிப்பட்ட நாய்க்கு, மயக்கத்தில் மூச்சுக்காக உள்ளே வைத்த குழாயை வெளியே எடுக்கும் நேரம்தான் கண்டம். சின்ன இன நாய்களின் வறட்டு இருமலுக்குப் பின்னால் மூச்சுக்குழாய் தளர்ச்சியோ இதய வால்வு நோயோ இருக்கக்கூடும். வீட்டில் செய்வதை நாய் டாக்டர் முன்னால் செய்யாது. அதனால் ஃபோனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள்.

எந்தப் பரிசோதனை, எதற்காக

முழு ரத்த எண்ணிக்கை, சிறுநீரகம், கல்லீரல், சர்க்கரை, புரதம், உப்புகளுக்கான ரத்தப் பரிசோதனை ஆகியவை குறைந்தபட்சம். இவற்றோடு சிறுநீர்ப் பரிசோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது தவறு. ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறும்போது சிறுநீரகத்தின் வேலைத்திறனில் முக்கால் பங்கு ஏற்கெனவே போயிருக்கும். சிறுநீரின் அடர்த்தி அதற்கு முன்பே குறையத் தொடங்கும், நாய்க்கு 1.030-க்கு மேல் இருந்தால் சிறுநீரகம் செறிவூட்டும் வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்று கொள்ளலாம். காலையில் முதலில் போகும் சிறுநீரைச் சுத்தமான, உலர்ந்த டப்பாவில் பிடித்து, அன்றே கொடுங்கள். சலைன் ஏற்றிய பிறகு எடுத்தால் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை. எஸ்டிஎம்ஏ பரிசோதனை வசதி இருந்தால் அதுவும் சிறுநீரகத் தேய்மானத்தைச் சீக்கிரமே காட்டும்.

ரத்த அழுத்தம் கட்டாயம் பார்க்க வேண்டும். இதயத்தில் முணுமுணுப்பு கேட்டால் எக்கோ என்ற இதய ஸ்கேன்; துடிப்பு ஒழுங்கில்லாவிட்டால் ஈசிஜி. கட்டி அகற்றுவதாக இருந்தால் நெஞ்சு எக்ஸ்ரே முதலில். நுரையீரலுக்குப் பரவியிருந்தால் அறுவையே தேவைப்படாமல் போகலாம்.

பரிசோதனை முடிவில் ஏதாவது ஒரு எண் சிவப்பில் வந்தவுடன் பயந்து எல்லாவற்றையும் ரத்து செய்ய வேண்டியதில்லை. ஏஎல்பி என்ற கல்லீரல் நொதி வயதான நாய்கள் பலவற்றில் கூடுதலாகவே இருக்கும். அது மட்டும் தனியாகக் கொஞ்சம் ஏறியிருந்தால் பெரும்பாலும் தடையாகாது. நீர் வற்றிய உடம்பு, ரத்தசோகை, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், நுரையீரலில் நீர் ஆகியவை வேறு மாதிரி. அவசரம் இல்லாத சிகிச்சை என்றால், இவற்றைச் சரிசெய்துவிட்டுத் தேதி வைப்பதே சரி. கர்ப்பப்பையில் சீழ், வயிற்றுக்குள் ரத்தக் கசிவு என்று வந்தால் காத்திருக்க முடியாது. அங்கே தாமதம்தான் பெரிய ஆபத்து.

இதன் மறுபக்கமாக, மயக்க மருந்துக்குப் பயந்து ‘மயக்கமில்லாப் பல் சுத்தம்’ பக்கம் போவது வீண். கண்ணுக்குத் தெரியும் காரை போகும். நோய் இருப்பது ஈறுக்கு அடியில். அதை விழித்திருக்கும் நாயிடம் சுத்தம் செய்யவும் முடியாது, பல் எக்ஸ்ரே எடுக்கவும் முடியாது.

ஆஸ்பத்திரியில் கேட்க வேண்டியவை

தயங்காமல் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். அறுவை செய்பவர் தவிர, மயக்கத்தை மட்டும் கவனிக்க ஒரு ஆள் இருப்பாரா? இதுதான் முதல் கேள்வி. மற்றதெல்லாம் இதற்கு அடுத்துத்தான். நரம்பில் ஊசிக்குழாய் போட்டு, மூச்சுக்குழாயில் குழாய் வைப்பீர்களா? ரத்த அழுத்தமும் வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடும் பார்க்கக் கருவி இருக்கிறதா? சூடு காக்க என்ன செய்வீர்கள்? இரவு தங்க வைத்தால் இரவு முழுவதும் அங்கே ஆள் இருப்பாரா? கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால், காலை முதல் ஆளாக நேரம் வாங்கி, மாலைக்குள் நாய் நன்றாகத் தெளிந்த பிறகு வீட்டுக்குக் கொண்டுபோவது மேல்.

ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடும்போது இரண்டை முடிவு செய்து எழுதுங்கள். உள்ளே பார்த்த பிறகு கூடுதல் பல்லோ கட்டியோ எடுக்க வேண்டியிருந்தால் கேட்காமல் செய்யலாமா, எந்த அளவு வரை? இதயம் நின்றால் மீட்க முயல வேண்டுமா? அந்த நேரத்தில் ஃபோன் எடுக்காமல் இருக்காதீர்கள். மயக்க நேரம் நீண்டால் ஆபத்தும் நீளும். உங்கள் பதிலுக்காக நாய் மேஜையில் காத்திருக்கக் கூடாது. வளர்ந்த நகத்தை வெட்டுவது போன்ற சில நிமிட வேலைகளை அதே மயக்கத்தில் முடித்துக்கொள்ளலாம். அதற்குமேல் ‘மயக்கம் கொடுத்தாச்சே, இதையும் பார்த்துடுங்க’ என்று பட்டியலை நீட்ட வேண்டாம்.

காது கேட்காது, கண் தெரியாது, இடுப்பு மூட்டு வலி உண்டு என்பதையெல்லாம் கொட்டை எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மூட்டுத் தேய்ந்த நாயை மல்லாத்திப் பின்னங்காலை இழுத்துக் கட்டினால், காயம் ஆறிய பிறகும் நொண்டும். காலுக்கு அடியில் மெத்தை வைத்து, இடுப்பை இயல்பான வளைவில் வைக்கச் சொல்லுங்கள்.

மாத்திரைகள்

நாய் வாங்கும் எல்லா மாத்திரையின் பெயரையும் மி.கி. அளவோடு எழுதிக் கொடுங்கள். சத்து மாத்திரையும் மீன் எண்ணெயும் உட்பட. எதையும் நீங்களாக நிறுத்தவோ கொடுக்கவோ கூடாது. பொதுவாக நடப்பது இதுதான். இதயத்துக்கான பிமோபென்டான், தைராய்டு மாத்திரை, வலிப்புக்கான ஃபீனோபார்பிட்டோன் ஆகியவற்றை அன்று காலையும் கொடுக்கச் சொல்வார்கள். ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் எனலாப்ரில், பெனசெப்ரில் போன்றவற்றை அன்று நிறுத்தச் சொல்வது வழக்கம். மயக்கத்தில் ரத்த அழுத்தம் விழுந்தால், இவற்றின் பிடியில் இருக்கும் உடலில் அதைத் தூக்கி நிறுத்துவது சிரமம். ஸ்டீராய்டு வாங்கும் நாய்க்கு அதைத் திடீரென நிறுத்தினால் உடல் சோர்ந்து சரிந்துவிடும். மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைக் கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்று நேரத்தோடு சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே நடுங்கும் நாய்க்கு முந்தைய இரவும் அன்று காலையும் காபாபென்டினோ ட்ரசோடோனோ கொடுக்கச் சொல்லலாம். பதற்றம் குறைந்தால் மயக்க மருந்தும் குறைவாகவே தேவைப்படும். ஒரு எச்சரிக்கை: மனிதருக்கான காபாபென்டின் திரவ மருந்தில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கக்கூடும். அது நாய்க்கு விஷம். காப்ஸ்யூலாக வாங்குங்கள்.

பட்டினி எவ்வளவு நேரம்

முந்தைய இரவிலிருந்தே 12 மணி நேரம் பட்டினி போடும் பழக்கம் இப்போது தளர்ந்துவிட்டது. ஆரோக்கியமான வளர்ந்த நாய்க்கு 4 முதல் 6 மணி நேரம் போதும் என்பது இன்றைய வழிகாட்டல். அடிக்கடி எதுக்களிக்கும் நாய்க்கும் சப்பை மூக்கு இனங்களுக்கும் கூடுதல் நேரம் சொல்லலாம். முந்தைய இரவும் காலையும் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் கொடுக்கச் சொல்வதும் உண்டு. உங்கள் டாக்டர் சொன்ன நேரம்தான் கணக்கு. தண்ணீரை மட்டும் இரவிலேயே எடுத்துவிடாதீர்கள். சிறுநீரகம் தளர்ந்த நாய் சில மணி நேரம் தண்ணீர் இல்லாமல் இருந்தாலே நீர் வற்றிப்போகும். கிளம்பும்வரை கிண்ணம் அங்கேயே இருக்கட்டும்.

சர்க்கரை நோயுள்ள நாய்க்கு இந்த விதி பொருந்தாது. வெறும் வயிற்றில் முழு இன்சுலின் போட்டால் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போய்விடும். வழக்கமாகப் பாதி உணவும் பாதி இன்சுலினும் கொடுத்து, அன்றைய முதல் நேரத்தில் அழைத்து வரச் சொல்வார்கள். சரியான அளவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சின்னதாக ஒரு பிஸ்கட் தின்றுவிட்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள். மயக்கத்தில் விழுங்கும் அனிச்சை இருக்காது. வயிற்றிலிருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவில் முடியும்.

முந்தைய நாளே குளிப்பாட்டிவிடுங்கள். தையல் பிரிக்கும்வரை குளியல் கிடையாது.

உள்ளே என்ன நடக்கிறது

முதலில் வலியையும் பதற்றத்தையும் குறைக்கும் ஊசி. பிறகு சில நிமிடம் முகமூடியில் ஆக்சிஜன். அடுத்து ப்ரோபோஃபால் அல்லது அல்ஃபாக்சலோன் என்ற மயக்க மருந்து நரம்பு வழியாக. வயதான நாய்க்கு இதை மிக மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். இளம் நாய்க்குத் தேவைப்படும் அளவைவிடக் குறைவிலேயே அது மயங்கிவிடும். அவசரப்பட்டு மொத்தமாக ஏற்றினால் மூச்சு நிற்கும், ரத்த அழுத்தம் சரியும். பிறகு குழாய் வைத்து ஐசோஃப்ளூரேனோ செவோஃப்ளூரேனோ வாயுவாகக் கொடுத்து மயக்கத்தைத் தொடர்வார்கள். பல்லுக்கோ கட்டிக்கோ அந்த இடத்தை மரக்கச் செய்யும் ஊசியும் போட்டால் வாயுவைக் குறைத்து வைக்கலாம். ரத்த அழுத்தத்தை விழச்செய்வது பெரும்பாலும் அந்த வாயுதான் என்பதால் இது பெரிய லாபம்.

சலைன் பொதுவாக ஒரு கிலோவுக்கு மணிக்கு 5 மி.லி.; 20 கிலோ நாய்க்கு மணிக்கு 100 மி.லி. இதய நோய் இருந்தால் இதைவிடக் குறைப்பார்கள். அதிகம் ஏறினால் அந்த நீர் நுரையீரலில் போய்ச் சேரும். சராசரி ரத்த அழுத்தம் 60-க்குக் கீழே போகவிடக் கூடாது. ஆக்சிஜன் செறிவு 95 சதவீதத்துக்கு மேல் நிற்க வேண்டும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை இவற்றைத் தாளில் குறிப்பார்கள். மயக்கத்தில் கண் இமைக்காது, கண்ணீரும் சுரக்காது. அதனால் கண்ணில் களிம்பு போடுவார்கள். வீட்டுக்கு வரும்போது கண்ணோரம் பிசுபிசுப்பாக இருந்தால் அதுதான் காரணம்.

முதல் இரவு

நாய் தானாக நிற்கவும், கூப்பிட்டால் திரும்பவும், உடல் சூடு 37.5 டிகிரி செல்சியஸை, அதாவது 99.5 ஃபாரன்ஹீட்டை எட்டவும் வேண்டும். அதற்கு முன் அழைத்துப்போகச் சொன்னால் இன்னும் கொஞ்ச நேரம் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

வண்டியில் தாவி ஏறவிடாதீர்கள். ஒரு கையை முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சுக்கடியிலும் மற்றொன்றைப் பிட்டத்தைச் சுற்றியும் கொடுத்து, முதுகு நேராக இருக்கும்படி தூக்குங்கள். பெரிய நாய் என்றால் நீளமான துண்டை வயிற்றுக்கடியில், பின்னங்கால்களுக்கு முன்னால் கொடுத்து, இரு முனையையும் மேலே பிடித்துக்கொண்டு நடத்தலாம். பின்புறப் பாரம் உங்கள் கையில் இருக்கும். வயிற்றில் தையல் இருந்தால் துண்டு அதன்மேல் படக் கூடாது.

படுக்கையைத் தரையில் போடுங்கள். கட்டில், சோபா, படிக்கட்டு எதுவும் வேண்டாம். வழுக்கும் தரையில் பாயோ கம்பளமோ விரியுங்கள். குளிராமல் போர்த்துங்கள், ஆனால் வெந்நீர் பையையோ மின் சூட்டு மெத்தையையோ உடம்பில் ஒட்டி வைக்காதீர்கள். பாதி மயக்கத்தில் இருக்கும் நாய் சுட்டாலும் நகராது. தோல் வெந்ததே இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் சில மடக்குத் தண்ணீர். ஒரு மணி நேரம் வாந்தி இல்லாவிட்டால் இன்னும் கொஞ்சம். நன்றாக விழித்து, தலை நிமிர்த்தி உட்கார்ந்த பிறகே சாப்பாடு. வழக்கமான அளவில் கால் பங்கு, மென்மையாக. இன்றிரவு சாப்பிடாவிட்டால் கவலை வேண்டாம். மறுநாள் இரவும் தொடாவிட்டால் கூப்பிடுங்கள்.

அன்றிரவு 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். மேலுதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்துங்கள். வெளுத்த இடம் 2 விநாடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். ஈறு கறுப்பாக இருக்கும் நாய்க்குக் கீழ் இமையின் உள்பக்கத்தைப் பாருங்கள். பிறகு மூச்சை எண்ணி, முன்பு எழுதி வைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். தூக்கத்தில் 18 இருந்த நாய் 36-க்குப் போனால், அதை ‘மயக்கம் தெளியவில்லை’ என்று சொல்லித் தள்ளிப்போடக் கூடாது. வலியாகவும் இருக்கலாம், நுரையீரலில் நீராகவும் இருக்கலாம்.

விடாமல் முனகுவது வீட்டாரை மிகவும் கலங்கடிக்கும். எல்லா முனகலும் வலி அல்ல. ஓபியாய்டு என்ற வலுவான வலி நிவாரண ஊசிகளின் குழப்பத்தில் நாய் எங்கோ வெறித்துக்கொண்டு, நீங்கள் தொட்டாலும் பேசினாலும் தெரியாததுபோல் முனகும்; விளக்கைக் குறைத்து அமைதியாக விட்டால் சில மணி நேரத்தில் அடங்கும். வலி என்றால் காயத்தின் அருகே கை போனதும் திரும்பிப் பார்க்கும், உடல் விறைக்கும், படுக்க முயன்று பாதியில் எழும், ஒரே நிலையில் கூனி நிற்கும். இந்த இரண்டாவதற்கு மருந்து வேண்டும். வீட்டில் இருக்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், பாராசிட்டமால் எதையும் கொடுக்காதீர்கள். டாக்டரை அழையுங்கள்.

ஊசிக்குழாய் இருந்த காலில் கட்டு இருந்தால், எப்போது பிரிப்பது என்று கேட்டு வந்து அந்த நேரத்தில் பிரித்துவிடுங்கள். மறந்தால் பாதம் வீங்கிவிடும்.

இவற்றில் ஒன்று கண்டாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்: ஈறு வெளுத்தோ நீலமாகவோ மாறுவது, வயிற்றை எக்கி மூச்சு விடுவது, எழுப்பினாலும் எழாதது, வாந்தி நிற்காதது, வயிறு உப்புவது, காயத்தில் ரத்தம் சொட்டுவது.

அடுத்த இரண்டு வாரம்

குழாய் உரசியதால் ஓரிரு நாள் லேசாக இருமும். அதைத் தாண்டினாலோ காய்ச்சல் சேர்ந்தாலோ காட்ட வேண்டும். மலம் 2, 3 நாள் வராமல் இருப்பது சகஜம். சிறுநீர் அப்படியல்ல, 24 மணி நேரம் போகாமல் இருக்கக் கூடாது. இரண்டாம் மூன்றாம் நாளில், தேறி வந்த நாய் மறுபடி சுருண்டு படுத்து, வாந்தி எடுத்து, சாப்பாட்டை வெறுத்தால் சிறுநீரகத்தை நினைக்க வேண்டும். வலி மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

ஒன்றிரண்டு வாரம் கழித்து, தின்ற உணவு குமட்டல் இல்லாமல் அப்படியே வெளியே விழுந்தால், மயக்கத்தில் ஏறிய அமிலம் உணவுக்குழாயைப் புண்ணாக்கிச் சுருக்கியிருக்கலாம். அரிதாகத்தான் வரும். வந்தால் பலரும் இதை மயக்கத்தோடு இணைத்துப் பார்ப்பதில்லை. டாக்டரிடம் தேதியைச் சொல்லி நினைவூட்டுங்கள்.

மறதி நோய் தொட்ட நாய்கள் சில நாள் கூடுதலாகக் குழம்பும். இரவில் சுற்றிச் சுற்றி நடக்கும், மூலையில் போய் நிற்கும். சின்ன விளக்கு எரியட்டும். சாப்பாட்டு நேரத்தையும் படுக்கை இடத்தையும் மாற்றாதீர்கள். ஒரு வாரத்துக்குப் பிறகும் தெளியாவிட்டால் காட்டுங்கள்.

காயத்தைத் தினம் இரண்டு முறை, ஒரே வெளிச்சத்தில் ஃபோட்டோ எடுத்து ஒப்பிடுங்கள். நிற மாற்றமும் வீக்கமும் நினைவில் நிற்காது, படத்தில் நிற்கும். கூம்புக் காலரைப் பாவம் பார்த்துக் கழற்றினால் ஐந்து நிமிடத்தில் தையலைக் கடித்துப் பிரித்துவிடும், பிறகு மறுபடி மயக்க மருந்துதான். தையல் பொதுவாக 10 முதல் 14 நாளில் பிரிக்கப்படும்.

அன்று போகும்போது மயக்கக் குறிப்புத் தாளின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எந்த மருந்து, எத்தனை மி.கி., ரத்த அழுத்தம் எப்போது இறங்கியது, எழ எவ்வளவு நேரம் ஆனது என்பதெல்லாம் அதில் இருக்கும். அடுத்த முறை வேறு ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தாலும், அங்கே முதலில் காட்ட வேண்டிய தாள் அதுதான்.